தறிக்குழியில தண்ணியா?

கணுக்கால் தெரியிற மாதிரி பேண்ட் போட்டுட்டு ஒருத்தன் வந்தா, அவனை நம்ம ஊர்ல யாரும் சும்மா விட்டதா சரித்திரம் இல்லை. "தம்பி பேண்ட்டாடா?"ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். "முக்கா பேண்ட்டு"ன்னு அடுத்தவன் பேர் வெச்சிடுவான். "நாத்து நடப் போறியா?", "ஆத்துல இறங்கப் போறியா?", "மீதித் துணியை டெய்லர் எடுத்துக்கிட்டாரா?"ன்னு வரிசையா வரும். கொஞ்சம் நீளமா இருந்தாலும் விட மாட்டோம், "தெருவைக் கூட்டிட்டு வர்றான் பாரு"ன்னு சொல்லுவோம். ஆக, கணுக்காலுக்குக் கீழ ஒரு இன்ச், மேல ஒரு இன்ச். அந்த ரெண்டு இன்ச்சுக்குள்ள நிக்கிறவன் மட்டும்தான் மனுஷன்.

இந்த இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டப்போ, பிளேஸ்மெண்ட் பத்தியும் ஏஐ பத்தியும் ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்கன்னு சொன்னாங்க. சரி, யாரும் எழுதாத ஏரியா ஒண்ணு இருக்கு, அதை நான் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். குட்டையான பேண்ட், அதுக்கு ஜனங்க வெச்ச பேருங்க. சிரிக்காதீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை விட இதுல ரிசர்ச் அதிகம்.

முதல்ல வெளிநாட்டுலேர்ந்து வர்றேன். அமெரிக்காவுல இப்படிப் பேண்ட்டுக்கு ஹை வாட்டர்ஸ்னு பேர். ஃப்ளட்ஸ்னும் சொல்லுவாங்க. வெள்ளம் வரும்னு முன்னாடியே தூக்கிக் கட்டிட்டானாம். ஜெர்மன்ல ஹோஹ்வாசர்ஹோசன், அப்படியே வார்த்தைக்கு வார்த்தை "வெள்ளக் கால்சட்டை". கனடாவுல கியூபெக் பக்கம் பிரெஞ்சு பேசுறவங்க, "உன் வீட்டு நிலவறையில தண்ணி வந்துடுச்சா?"ன்னு கேப்பாங்க. ஸ்பானிஷ்ல பிரிங்காசார்கோஸ், அதாவது "குட்டை தாண்டி". பிரேசில்காரங்களுக்கு இதுக்கு ரெண்டு பேர். ஒண்ணு "சேறு தாண்டி", இன்னொண்ணு பேகா ஃபிராங்கு, "கோழி பிடிக்கிற பேண்ட்". கோழியைத் துரத்துறவன் பேண்ட்டைத் தூக்கிக்கிட்டுத்தானே ஓடணும்! பிரான்ஸ்ல மட்டும் தண்ணிக்குப் பதிலா நெருப்பு. "தரையில தீப்பிடிச்சிருக்கு, அதான் பேண்ட் மேல ஏறிடுச்சு"ங்கிற மாதிரி சொல்லுவாங்க. இங்கிலாந்துல இன்னும் ஸ்டைலு. யாராவது செத்தா கொடியை அரைக்கம்பத்துல பறக்க விடுவாங்க இல்லையா, அந்த மாதிரி பேண்ட் அரைக்கம்பத்துல நிக்குதாம். அதனால "உங்க வீட்டுப் பூனை செத்துடுச்சா?"ன்னு துக்கம் விசாரிப்பாங்க.

இதையெல்லாம் வரிசையா எழுதி வெச்சுப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். உலகத்துல பாதிப் பேருக்கு, குட்டைப் பேண்ட்டைப் பார்த்ததும் தண்ணிதான் ஞாபகத்துக்கு வருது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்கணும்னு இல்லை. தண்ணியில இறங்கினா எல்லா ஊர் மனுஷனும் ஒரே மாதிரிதான் துணியைத் தூக்கறான்.

இதுல ஒரு சுவாரசியம். நாம சொல்ற பேண்ட்ங்கிற வார்த்தையே வெள்ளத்துக்குப் பேர்போன ஒரு ஊர்லேர்ந்து வந்ததுதான். பழைய இத்தாலி நாடகங்கள்ல பான்டலோனேன்னு ஒரு கிழட்டு வியாபாரி கேரக்டர் உண்டு, வெனிஸ் ஊர்க்காரர். அவர் போட்ட கால்சட்டையை வெச்சு பான்டலூன் வந்துச்சு, அது சுருங்கி பேண்ட் ஆச்சு. வார்த்தையே குட்டையாகித்தான் நம்மகிட்ட வந்திருக்கு. நிக்கர் வந்த கதையும் இதே மாதிரிதான். 1809-ல வாஷிங்டன் இர்விங் ஒரு காமெடி வரலாற்றுப் புத்தகத்துக்கு நிக்கர்பாக்கர்னு ஒரு பொய்ப் பேர்ல கையெழுத்துப் போட்டார். அந்தப் பேர் முழங்காலோட நிக்கிற கால்சட்டைக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் அதுவும் பாதியா வெட்டுப்பட்டு நிக்கர் ஆச்சு. டிரவுசர் நம்ம வாயில டவுசர் ஆச்சு. அதோட விட்டோமா? தோத்துப் போறதுக்கே "டவுசர் கிழிஞ்சுடுச்சு"ன்னு ஒரு அர்த்தமும் கொடுத்து வெச்சிருக்கோம்.

சரி, செவிலிமேட்டுக்கு வருவோம்.

தெரியாதவங்களுக்கு: காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவாசி ரோட்ல வந்தா பாலாத்துப் பாலத்துக்கு முன்னாடி வர்றது எங்க ஊரு. ஒரு காலத்துல தனிப் பேரூராட்சி, இப்போ மாநகராட்சிக்குள்ள ஐக்கியம். நரசிம்மர் கோயில் இருக்கு, ஆறு இருக்கு, தறி இருக்கு. இந்த ஊர்ல ஒருத்தனைப் பார்த்து "ஆத்துல இறங்கப் போறியா?"ன்னு கேக்கறதே ரெட்டைக் கிண்டல். ஏன்னா எனக்கு விவரம் தெரிஞ்சு பாலாத்துல தண்ணி ஓடினதை விட மணல் லாரி ஓடினதுதான் அதிகம். நவம்பர் 2021-ல மட்டும் நிஜமாவே ஆறு நிறைஞ்சு வந்துச்சு. பாட்டன் காலத்து ஆறு திரும்பி வந்த மாதிரி ஊரே பாலத்துக்கிட்ட வேடிக்கை பார்க்கப் போச்சு. அன்னிக்கு எங்க தெருவுல இருந்த அத்தனை ஆம்பளைங்களும் பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாங்க. ஒருத்தன் கூட ஒருத்தனையும் கிண்டல் பண்ணலை. வெள்ளம் நிஜமா வந்துட்டா வெள்ளப் பேண்ட்டுங்கிற வார்த்தைக்கு வேலையே இல்லை போல.

ஆனா எங்க வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதை வேற எந்த ஊர்லயும் நான் கேட்டதில்லை. அது எங்க தாத்தா வார்த்தை. "என்னடா, தறிக்குழியில தண்ணியா?"

இதைப் புரிஞ்சுக்கணும்னா குழித்தறி எப்படி இருக்கும்னு தெரியணும். வீட்டுக்குள்ள தரையில ஒரு குழி வெட்டியிருப்பாங்க. நெசவு பண்றவர் தரை மட்டத்துல உக்காந்து ரெண்டு காலையும் குழிக்குள்ள தொங்க விட்டிருப்பார். அங்கே மிதி இருக்கும். அதை மிதிச்சா பாவு நூல் மேலேயும் கீழேயும் பிரியும், நடுவுல நாடா ஓடும். கோர்வைப் புடவைன்னா உடம்புக்கு ஒண்ணு, ரெண்டு பக்கக் கரைக்கும் தனித்தனியா ஒண்ணுன்னு மூணு நாடா. கை எல்லாருக்கும் தெரியும், கால் யாருக்கும் தெரியாது. கடையில பட்டுப் புடவையை விரிச்சு "கை வேலை, கை வேலை"ன்னு சொல்றாங்களே, அதுல பாதி கால் வேலை. அந்தக் கால் இருக்கிற இடம் பூமிக்குள்ள.

ஐப்பசி, கார்த்திகையில மழை பிடிச்சா அந்தக் குழியில ஊத்து கிளம்பும். மேலேயிருந்து ஒழுகறது வேற, இது அடியிலேர்ந்து வர்றது. குடத்தால மொண்டு ஊத்தினாலும் காலையில திரும்ப ஊறியிருக்கும். ஈரக்காத்துல பட்டு நூலும் பேசாது. தறி நின்னுடும். தறி நின்னா கூலி நின்னுடும். அந்த நாள்ல தாத்தா வேட்டியைக் கெண்டைக்காலுக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு, குழியில இறங்கி நின்னு தண்ணி மொண்டுக்கிட்டு இருப்பாராம். அதனாலதான் குட்டையா யாராவது எதையாவது போட்டுட்டு வந்தா அவருக்கு அந்த வரி வாயில வரும். கியூபெக்காரன் நிலவறையில தண்ணியான்னு கேக்கறதைப் படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு. எங்க தாத்தா கனடா போனதில்லை, சார். காஞ்சிபுரத்தைத் தாண்டி மெட்ராஸ் போனதே நாலு தடவைதான்.

இப்போ டெக்னிக்கல் பார்ட். பேண்ட் ஏன் குட்டையாகுது? மூணு காரணம்.

முதல் காரணம் துணி. நெசவுல பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்வாங்க. மில்லுலேயும் அப்படித்தான், அங்கே இழுவை இன்னும் ஜாஸ்தி. அந்த இழுவை துணிக்குள்ளேயே உறைஞ்சு கிடக்கும். வீட்ல ஊறப் போட்டுத் துவைச்சதும் நூல் "அப்பாடா"ன்னு தன் பழைய நீளத்துக்குப் போயிடும். பேண்ட் வெட்டும்போது பாவு போற திசையிலதான் கால் நீளத்தை வெட்டுவாங்க, அதனால சுருக்கம் நேரா நீளத்துலதான் தெரியும், இடுப்புல அவ்வளவா தெரியாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது டெக்ஸ்டைல் டிபார்ட்மெண்ட் இல்லை, அப்பா. இந்தத் தொல்லைக்காகவே சான்ஃபோர்ட் க்ளூயெட்னு ஒரு அமெரிக்கர், துணியை விக்கறதுக்கு முன்னாடியே மெஷின்ல சுருங்க வைக்கிற முறையைக் கண்டுபிடிச்சு 1930-ல பேட்டன்ட் வாங்கினார். துணிமேல சான்ஃபரைஸ்டுன்னு முத்திரை பார்த்திருப்பீங்களே, அது அவர் பேர்தான்.

ரெண்டாவது காரணம் உடம்பு. பசங்களுக்கு 13, 14 வயசுல உயரம் ஒரே பாய்ச்சலா ஏறும். சராசரியா வருஷத்துக்கு 9 சென்டிமீட்டருக்கு மேல. ஆனா உடம்பு மொத்தமா ஒரே நேரத்துல வளராது. முதல்ல பாதம், அப்புறம் கால், கடைசியாத்தான் முண்டம். அதனாலதான் எட்டாவது, ஒன்பதாவது பசங்க செருப்பு சைஸ் திடீர்னு மாறும், அப்புறம் பேண்ட் குட்டையாகும், சட்டை மட்டும் ரொம்ப நாளைக்குப் பொருந்தும். பையன் கொக்கு மாதிரி ஆயிட்டான்னு வீட்ல சொல்றது வெறும் வாய்ச்சொல் இல்லை, அனாடமி.

மூணாவது காரணம் காசு. துணி சுருங்குறதும் கால் வளர்றதும் எல்லா வீட்லயும் நடக்கும். ஆனா அடுத்த வாரமே புதுப் பேண்ட் வாங்க முடிஞ்ச வீட்ல அது யார் கண்ணுலயும் படாது. ஆறு மாசம் தள்ளிப் போடுற வீட்லதான் அதுக்குப் பேர் வைப்பாங்க.

இதுக்கு அம்மாக்கள் கண்டுபிடிச்ச டெக்னாலஜி, மடிப்பு. எங்க வீட்ல யூனிஃபார்ம் தைக்கும்போது காலுக்குக் கீழ மூணு இன்ச் உள்பக்கம் மடிச்சுத் தைக்கச் சொல்லுவாங்க. நீளம் ஏற ஏற ஒரு இன்ச்சாப் பிரிச்சு விடணும். மூணு இன்ச்னா ஏழரை சென்டிமீட்டர். வருஷத்துக்கு வளர்ற 9-ல காலுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல, ஒரு 5 போகுதுன்னு வெச்சுக்குங்க. கணக்குப் போட்டா ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி சரியா 1.5. எங்க அம்மா படிச்சது ஒன்பதாவது. டிசைன் கோட் படிச்சதில்லை.

ஆனா மடிப்பைப் பிரிச்சா ஒரு பிரச்சினை இருக்கு. வெளியில இருந்த துணி வெயில்லயும் சோப்புலயும் வெளுத்திருக்கும். உள்ளே இருந்தது புதுசா இருக்கும். நடுவுல பழைய மடிப்பு ஒரு கோடா நிக்கும். எத்தனை தடவை அயர்ன் பண்ணாலும் போகாது. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம் மெட்ரிக் ஸ்கூல், தமிழ்ல பேசினா அஞ்சு ரூபா ஃபைன். ஆனா அந்தக் கோட்டைப் பார்த்துட்டு யாரும் இங்கிலீஷ்ல கிண்டல் பண்ணினது இல்லை. கிண்டல் மட்டும் ஃபைனைப் பத்திக் கவலைப்படாம சுத்தத் தமிழ்லதான் வரும். யாருக்கு எத்தனை கோடுன்னு எண்ணிப் பார்க்கிற பையன் ஒருத்தன் கிளாஸுக்கு ஒருத்தன் எப்பவும் இருப்பான்.

இதுல ஒரே ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. கொரோனாவுக்கு மூடின ஸ்கூல், பத்தாவதுக்கும் பன்னெண்டாவதுக்கும் மட்டும் 2021 ஜனவரி 19-ஆம் தேதி திறந்தாங்க. நான் பன்னெண்டாவது. பத்து மாசமா எல்லாரும் வீட்ல லுங்கியும் ஷார்ட்ஸுமா இருந்துட்டு, அன்னிக்குக் காலையிலதான் பழைய யூனிஃபார்மை எடுத்து மாட்டியிருக்காங்க. எங்களுக்குக் கொஞ்சம், பத்தாவது பசங்களுக்கு நிறைய, பேண்ட் ஏறியிருந்துச்சு. இன்னும் சில மாசம்தானேன்னு யார் வீட்லயும் புதுசு தைக்கலை. மூஞ்சி முழுக்க மாஸ்க், கணுக்கால் முழுக்க வெளிச்சம். டாக்டர் பையன், ஜவுளிக்கடைப் பையன், தறிக்காரப் பையன் எல்லாரும் ஒரே லெவல். அன்னிக்கு "முக்கா பேண்ட்டு"ன்னு யாரும் யாரையும் கூப்பிடலை. எல்லாருக்கும் பொருந்துற பேர், பேரே இல்லைதானே.

இனிமே சொல்லப்போறது எங்க அப்பா கதை. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுதிக்கோ, கம்பெனி பேரைப் போட்டுடாதே"ன்னு சொன்னார்.

அப்பா 2017 வரைக்கும் தறியில இருந்தார். நான் அப்போ ஒன்பதாவது. என் ஃபீஸும் தம்பி ஃபீஸும் சேர்ந்து, கூலி கட்டுப்படியாகலை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல சேர்ந்தார். தினமும் பேண்ட் போடற வேலை அவர் வாழ்க்கையில அதுதான் முதல். அதுவரைக்கும் கல்யாணம், பேங்க், ஸ்கூல் மீட்டிங்குக்குத்தான் பேண்ட், மத்தபடி லுங்கி. கம்பெனியில ரெண்டு செட் யூனிஃபார்ம் கொடுத்தாங்க. சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணே அளவு. அப்பா ஒல்லி, ஆனா உயரம். இடுப்புக்குப் பொருந்தினது காலுக்கு எட்டலை. கணுக்காலுக்கு மேல ரெண்டு இன்ச் நின்னுச்சு.

முதல் நாள் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தார். திண்ணையில தாத்தா. மேலேயிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பார்த்துட்டு, "என்னடா, தறிக்குழியில தண்ணியா?"ன்னார். அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே, எதிர்வீட்டு அத்தை வெளியில வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. தாத்தாவும் சிரிச்சார். ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அது ஆடி மாசம். குழியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அதுல காலும் இல்லை. ரெண்டும் ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு மாசம் கழிச்சு கம்பெனியில, ஷிஃப்ட் மாறுற நேரம், லைன்ல இருபது பேர் நிக்கும்போது அவரை விட பதினஞ்சு வயசு சின்ன சூப்பர்வைசர் ஒருத்தர், "என்ன பெரியவரே, உங்க ஊர்ல வெள்ளமா?"ன்னு கேட்டிருக்கார். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அப்பா சிரிக்கலை. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சாப்பிடறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட பேண்ட்டைக் கொடுத்து, மடிப்பைப் பிரிச்சு விடச் சொன்னார். அம்மா திருப்பிப் பார்த்தாங்க. உள்ளே அரை இன்ச்தான் இருந்துச்சு. கம்பெனித் துணி, வளர்ற பையனுக்குத் தைச்சது இல்லையே. அம்மா அதையும் பிரிச்சு விட்டு, உள்பக்கம் ஒரு பட்டைத் துணி வெச்சுத் தைச்சாங்க.

யோசிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே கேள்வி. தண்ணியான்னு கேட்டது தாத்தா. வெள்ளமான்னு கேட்டது அந்த ஆளு. வார்த்தை கிட்டத்தட்ட ஒண்ணுதான். தாத்தாவுக்கு அந்தக் கால் எங்கேயிருந்து வெளியில வந்துச்சுன்னு தெரியும். அவரே அந்தக் குழியில தண்ணி மொண்டவர். அவர் கேட்டப்போ அதுல "எனக்குத் தெரியும்டா"ன்னு ஒண்ணு இருந்துச்சு. அந்த சூப்பர்வைசர் அளவு மட்டும் எடுத்தார். எங்க ஃபிரெண்ட்ஸ் குரூப்ல ஓட்டுறதுக்கும் இதே விதிதான்னு நினைக்கிறேன். உன் பேண்ட் ஏன் குட்டைன்னு தெரிஞ்சவன் ஓட்டினா அது உறவு. தெரியாதவன் ஓட்டினா அது டேப்.

நீளம்ங்கிறதே யார் காலுங்கிறதைப் பொறுத்துத்தான் இருக்கு. வேட்டியைப் பாருங்க. ஒருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நடந்து வந்தா அது கெத்து. சினிமாவுல ஹீரோ மடிச்சுக் கட்டினா தியேட்டர்ல விசில். முழங்காலே தெரியும், ஆனா "வெள்ளமா?"ன்னு யாராவது கேப்பாங்களா? பெரியவங்க எதிர்ல வந்தா சட்டுனு இறக்கி விடறதுதான் மரியாதை. அதாவது வேட்டியில குட்டைன்னா அதிகாரம், பேண்ட்ல குட்டைன்னா இல்லாமை. என் கூடப் படிச்ச முஸ்லிம் பசங்க சிலர் மார்க்கப்படி கணுக்காலுக்கு மேலதான் பேண்ட் போடுவாங்க. அதை அவங்க தெரிஞ்சே தைக்கிறாங்க, நிமிர்ந்து நடக்கிறாங்க. மைக்கேல் ஜாக்சன் 1983-ல டிவியில முதல் தடவையா மூன்வாக் ஆடினப்போ போட்டிருந்ததும் குட்டைப் பேண்ட்தான். கால் என்ன பண்ணுதுன்னு ஜனங்க பார்க்கணும், அதுக்காகப் பளபளன்னு சாக்ஸும் தெரிய விட்டார். 2001-ல நியூயார்க்ல கடை ஆரம்பிச்ச டாம் பிரவுன்னு ஒரு டிசைனர், கணுக்கால் தெரியிற கோட்டு சூட்டையே தன் முத்திரையா ஆக்கினார். அந்த ஃபேஷன் சுத்திச் சுத்தி நம்ம காந்தி ரோட்டு ரெடிமேட் கடை வரைக்கும் வந்துடுச்சு. இப்போ அதுக்கு ஆங்கிள் ஃபிட்டுன்னு பேரு, துணி கம்மி, விலை ஜாஸ்தி. நான் முதல் தடவை அந்த போர்டைப் பார்த்தப்போ அப்பாகிட்ட, "அப்பா, உங்க யூனிஃபார்ம் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு விக்கிறாங்க"ன்னு சொன்னேன். "கோடு இருக்கா பாரு. கோடு இல்லைன்னா அது நம்முது இல்லை"ன்னார்.

கரெக்ட். அதுதான் வித்தியாசம். வாங்கும்போதே குட்டையா இருந்தா ஃபேஷன், போகப்போகக் குட்டையானா கிண்டல். கணுக்கால் ரெண்டுலயும் அதே கணுக்கால்தான்.

பிளேஸ்மெண்ட் சீசன்ல இது இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. எங்க ஹாஸ்டல் ஃப்ளோர்ல ஒரு கருப்பு ஃபார்மல் பேண்ட் இருக்கு. யாரோடதுன்னு இப்போ யாருக்கும் ஞாபகம் இல்லை. நாலு பேர் அதைப் போட்டு இன்டர்வியூ போயிருக்காங்க, ரெண்டு பேருக்கு வேலை கிடைச்சிருக்கு. சக்சஸ் ரேட் 50 சதவீதம், பல கோச்சிங் சென்டரை விட மேல். ஒவ்வொருத்தன் உயரத்துக்கும் மடிச்சு, பிரிச்சு, திரும்ப மடிச்சு, காலோரத்துல மூணு கோடு விழுந்திருக்கு. கடைசியாப் போட்டவன் ஃப்ளோர்லயே உயரமானவன். மொத்த மடிப்பையும் பிரிச்சும் பத்தலை. கிளம்பும்போது பின்னாடியிருந்து ஒருத்தன், "மச்சி, பூனை செத்துடுச்சாடா?"ன்னு கேட்டான் (என் ரிசர்ச்சை ஃப்ளோர் முழுக்கப் பரப்பி வெச்சிருக்கேன்). அவன் திரும்பி, "ஆமாடா, பாலை ஊத்திட்டு வந்து கூட அழு"ன்னு சொல்லிட்டு, அவனோட கறுப்பு சாக்ஸையே கழட்டி வாங்கிட்டுப் போனான். நீளமான சாக்ஸ் போட்டா உக்காரும்போது கணுக்கால் தெரியாதில்லையா. அந்தப் பேண்ட் ஏன் குட்டைன்னு எங்க ஃப்ளோர்ல எல்லாருக்கும் தெரியும். அதனால அங்கே அது ஜோக்.

இன்டர்வியூ ரூம்ல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயம். "ஃபார்மல்ஸ் முக்கியம், ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்"னு ட்ரெய்னிங் செஷன்ல சொல்றாங்க. சரிதான். ஆனா அந்த ரூமுக்கு வர்ற ஒவ்வொரு பேண்ட்டுக்கும் ஒரு மடிப்பு உண்டு, சிலதுல பிரிக்கறதுக்கு இன்னும் மூணு இன்ச் பாக்கி இருக்கு, சிலதுல எல்லாம் பிரிச்சாச்சு. நாளைக்கு நம்மள்ல சில பேர் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காருவோம். லைன்ல நிக்கிற இருபது பேர் முன்னாடி பேசற இடத்துலயும் இருப்போம். அப்போ கணுக்கால் தெரிஞ்சா வெள்ளமான்னு கேக்கறதுக்கு நமக்கு வாய் இருக்கும். சிரிக்கறதுக்கு ஆளும் இருப்பாங்க. எதிர்ல நிக்கிறவருக்கு மட்டும் சிரிக்க முடியாம இருக்கும்.

தாத்தா போன வருஷம் போயிட்டார். தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாச்சு. அது இருந்த இடத்துல இப்போ தம்பியோட படிக்கிற மேஜை இருக்கு. மழை பெய்தா அந்த ஒரு இடத்துல மட்டும் டைல்ஸ் இன்னும் லேசா வேர்க்கும். அம்மா ஒரு சாக்கைப் போட்டு வைப்பாங்க.

தம்பி இந்த வருஷம் பதினொண்ணாவது போறான். என்னை விட உயரம் ஆயிட்டான், அதனால "தம்பி பேண்ட்டா?"ங்கிற கிண்டல் எங்க வீட்ல இனிமே செல்லாது, அவன் பேண்ட்டை நான் போட்டா தெருவைத்தான் கூட்டணும். போன வாரம் யூனிஃபார்ம் தைக்க டெய்லர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் டேப்பைக் கால்கிட்ட பிடிச்சுக்கிட்டு, "எவ்வளவு மடிப்பு விடட்டும்?"னு கேட்டார்.

அம்மா மூணுன்னாங்க.

தம்பி குனிஞ்சு தன் காலைப் பார்த்துட்டு, "நாலு விடுங்கண்ணா"ன்னான்.